ஒத்துப்போகாத கையெழுத்து

ஜனவரி 9

அன்புள்ள தம்பி மைக்கூட்டுக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் சுகம். அவருடைய இடது முட்டி மட்டும் பேருந்தின் கிளட்சோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? முப்பத்தெட்டு வயதுக்காரனை இன்னும் மைக்கூடு என்று கூப்பிடுகிறேனே என்று அத்தான் சிரிக்கிறார். அப்பாவின் வெள்ளைச் சட்டையில் மைக்கூட்டைக் கவிழ்த்தவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

விஷயத்துக்கு வருகிறேன், கை பரபரக்கிறது. நம் தெரு முனையில் பழைய தொலைபேசி நிலையம் பூட்டிக் கிடக்கிறதே, அதில் நகராட்சி ஓர் இலவச மையம் திறக்கப் போகிறது. மனசு சரியில்லாதவர்களுக்கு ஆலோசனை, குடியை விட நினைப்பவர்களுக்கு வைத்தியம். இப்போது அப்படி ஓர் இடத்துக்கு ஆறு மணி நேரம் பேருந்தில் போக வேண்டும். ஆனால் நடுவில் ஒரு முடிச்சு. "எங்க தெருவில் வேண்டாம்" என்று சிலர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் மார்ச் முப்பத்தொன்றுக்குள் இந்த வார்டுக்காரர்கள் அறுநூறு பேர் ஆதரவுக் கையெழுத்துப் போட்டால்தான் கட்டடம் மையத்துக்கு, இல்லையென்றால் பழைய சாமான் போடும் கிடங்காகிவிடும்.

முதலில் எழுதிக் கொடுத்தது நம் எதிர்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற நில அளவையாளர். தெருவிளக்கு போட்டாலும் ஆட்சேபம், போடாவிட்டாலும் ஆட்சேபம் என்று எழுதி எழுதி அவர் பெயரே 'ஆட்சேபம்' ஆகிவிட்டதே, அவரேதான்.

நான் விடுவதாக இல்லை. பதினேழு வருஷமாக மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிறேன். இருமலே இல்லாமல் இருமல் மருந்து வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். தூக்க மாத்திரைக்காகக் கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்கிறவர்களையும் தெரியும். "அங்கே போங்க" என்று அவர்களுக்குக் கை காட்ட எனக்கு ஓர் இடம் வேண்டும்.

முதல் நாளே முப்பத்தொரு கையெழுத்து. எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: "உங்க வீட்ல யாருக்கும்மா?" நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன், "எங்க வீட்ல யாருக்கும் இல்லைங்க, ஊருக்காகக் கேக்கிறேன்." அதைக் கேட்ட பிறகுதான் பேனாவையே எடுக்கிறார்கள்.

சுவரொட்டிக்கு நாலு வரி உன் கையால் எழுதி அனுப்பு. கப்பலுக்கே பெயர் எழுதுகிறவன் அக்காவுக்கு ஒரு தாள் எழுத மாட்டாயா? போனில் உனக்கு 'ம்', 'சரி' தவிர வேறு வராது. உன் எழுத்தைப் பார்த்தால்தான் நீ வீட்டுக்கு வந்து போன மாதிரி இருக்கும். "கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காதுடா" என்று அப்பா உன்னைச் சீண்டுவாரே, அந்தக் கையெழுத்து வேண்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்
உன் அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அத்தானின் முட்டிக்கு என் அனுதாபத்தைச் சொல்.

கடிதம் அச்சில் இருக்கிறதே என்று முகம் சுளிக்காதே. கப்பல் பட்டறை அலுவலகத்தில் புது அச்சு இயந்திரம் வந்திருக்கிறது, சும்மாதான் கிடக்கிறது. சுவரொட்டி வாசகத்தையும் அதிலேயே அடித்து வைத்திருக்கிறேன். பெரிய எழுத்து, தெருக்கோடியிலிருந்தும் தெரியும்.

கப்பலுக்குப் பெயர் எழுதும் வேலையை இப்போது வேறொருவன் பார்க்கிறான். என்னை வண்ணம் கலக்கும் கொட்டகைக்கு மாற்றியிருக்கிறார்கள். தொங்கும் பலகையில் நின்று வெயிலில் காய வேண்டியதில்லை, ஒரு வகையில் வசதிதான்.

மையத்தைப் பற்றி ஒரு சந்தேகம். அங்கே போகிறவர்கள் பெயர் வெளியே தெரியுமா? வேலை செய்யும் இடத்துக்குத் தகவல் போகுமா? ஆட்சேபம் இப்படியெல்லாம் கேட்பார், நீ பதிலோடு தயாராக இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி


பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

உறையைப் பிரித்ததும் அச்செழுத்தைப் பார்த்து வங்கி நோட்டீஸோ என்று திக்கென்றது. நாங்கள் சுகம். சுவரொட்டி பளிச்சென்று இருக்கிறது. அத்தான் அதைப் பேருந்தின் பின்கண்ணாடியில் ஒட்டப் பார்த்தார், டிப்போவில் விடவில்லை. இப்போது சாப்பாட்டுப் பையில் ஒட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறார்.

இன்றோடு இருநூற்றுப் பதினாலு. படுத்தால் கண்ணுக்குள் பேனாதான் ஓடுகிறது. ஓர் அம்மா "எங்களுக்கெல்லாம் தேவைப்படாது" என்று சொல்லிச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் கடைக்கு வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து, "எப்போ திறப்பாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உன் கேள்வியைப் பொறுப்பு டாக்டரிடமே கேட்டுவிட்டேன். பெயர் வெளியே போகாது, டோக்கன் எண் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். வேலை செய்யும் இடத்துக்கு ஒரு வரி கூடப் போகாது. "நல்ல கேள்வி" என்றார் டாக்டர். என் தம்பி கேட்டது என்று பெருமையடித்துக்கொண்டேன்.

ஆட்சேபத்தின் கதையைக் கேள். "பள்ளிக்கூடத்துக்கு நூறு மீட்டருக்குள்ள இந்த மாதிரி இடம் வரக் கூடாதும்மா" என்று அளவு நாடாவோடு வந்து நின்றார். "பள்ளிக்கூடத்துப் பக்கத்து மதுக்கடை எத்தனை மீட்டர்னு அளந்தீங்களாய்யா?" என்றேன். மனிதர் நாடாவைச் சுருட்டிக்கொண்டார். நேராகப் போய் அளந்தார். எழுபத்திரண்டு மீட்டர். இப்போது மதுக்கடைக்கும் ஓர் ஆட்சேபம் போயிருக்கிறது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலி.

ஏன் வேலையை மாற்றினார்கள்? நீயாகக் கேட்டாயா? அடுத்த கடிதத்தைக் கையால் எழுது.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வண்ணக் கொட்டகையில் அப்படி என்ன கலக்குகிறாய்? சுகமாக இருக்கிறேன் என்று ஒரு வார்த்தையாவது அச்சடித்துப் போடு.

நானூற்று நாற்பத்தேழு. ஆட்சேபத்தின் மனைவி கடைக்குக் களிம்பு வாங்க வந்தவர், தாளைக் கேட்டு வாங்கி முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டார். "அவருக்குத் தெரியுமாம்மா?" என்றேன். "அவர் ஆட்சேபத்தை அவர் பார்த்துக்கட்டும், என் கையெழுத்தை நான் பார்த்துக்கிறேன்" என்றார். கவுண்டரைத் தாண்டிப் போய்க் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

உன் பெயர் இன்னும் நம் வார்டுப் பதிவேட்டில்தான் இருக்கிறது. அதனால் உன் கையெழுத்தும் செல்லும். இதோடு தாள் வைத்திருக்கிறேன், போட்டு உடனே அனுப்பு.

பதிலை எதிர்பார்க்கும்
அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தான். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே, வேலை அதிகம்.

கையெழுத்துப் போட்ட தாள் இதோடு இருக்கிறது. ரயிலில் போகும்போது போட்டது, கொஞ்சம் ஆடியிருக்கும்.

இன்னொன்று. என்னோடு வேலை செய்கிற ஒருவனுக்குக் காலையில் கை நடுங்குகிறதாம். ஏதாவது மாத்திரை இருந்தால் கேட்கச் சொன்னான்.

தம்பி


மார்ச் 25

அன்புள்ள தம்பிக்கு,

அறுநூற்று மூன்று! நேற்று மாலை நாலரை மணிக்கு அறுநூறைத் தாண்டினோம். அத்தான் டிப்போவில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நான் கடையில் நின்றபடி அழுதுவிட்டேன், கண்ணில் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். இன்று காலை கட்டு முழுவதையும் நகராட்சியில் கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. கட்டில் உன் தாளும் இருக்கிறது. கோழி கிளறின மாதிரி போட்டிருக்கிறாய், அது என்ன ரயிலோ.

உன் சிநேகிதன் விஷயம். காலையில் நடுங்கி, ஒரு மடக்கு உள்ளே போனதும் நிற்கிறதா என்று கேள். ஆமாம் என்றால் அதற்கு மாத்திரை கேட்டுப் பிரயோஜனம் இல்லை. வீம்புக்கு ஒரே நாளில் தானாகக் குடியை நிறுத்தவும் கூடாது என்று சொல். வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. டாக்டர் பக்கத்தில் இருந்துதான் நிறுத்த வேண்டும். பாவம், அவனுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லையா? இருந்தும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார்களா?

எல்லோருக்கும் சொல், உன் அக்கா ஜெயித்துவிட்டாள் என்று.

அக்கா


ஏப்ரல் 6

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று இந்த முறை சும்மா கேட்கவில்லை.

நகராட்சியில் கையெழுத்துகளைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தார்கள். நாலு தள்ளுபடி. ஒன்று, இறந்துபோன கணவருக்காக மனைவி போட்டது. ஒன்று, பதினைந்து வயதுப் பெண் போட்டது. ஒன்று, உற்சாகத்தில் இரண்டு முறை போட்ட முடிதிருத்துபவருடையது. நாலாவது உன்னுடையது. 'ஒத்துப்போகவில்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது ஐநூற்றுத் தொண்ணூற்றொன்பது. அதோடும் நிற்கவில்லை. "ஒண்ணு கள்ளக் கையெழுத்துன்னா மத்ததை எப்படிங்க நம்புறது?" என்று ஆட்சேபம் எழுந்துவிட்டார். உன் பெயரில் நானே போட்டுவிட்டேன் என்று பேச்சு. இருபத்துநாலாம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணை. நீ நேரில் வந்து உன்னுடையதுதான் என்று காட்டினால் அறுநூறு. இல்லையென்றால் மொத்தக் கட்டும் குப்பைக்கு.

அதிகாரி இரண்டு கையெழுத்தையும் என் முன்னால் வைத்தார். எட்டு வருஷத்துக்கு முன் நீ போட்டது முத்து முத்தாக இருந்தது. பக்கத்தில் இது. "ரயில்ல போட்டதுங்க" என்று சொல்ல வந்தவள், தாளை இன்னும் கிட்டே இழுத்துப் பார்த்தேன். தூக்க மாத்திரை வாங்குகிறவர்கள் என் கவுண்டரில் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள். குடித்துக் குடித்துக் கை போனவர்களின் எழுத்து எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். அந்த எழுத்துதான் இது. தபாலில் வந்த அன்றே பார்த்தேன், பார்த்தும் கோழி என்று கேலி எழுதினேன்.

தம்பி, உன்னோடு வேலை செய்கிற அவன் யார்?

அக்கா


ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

கையால் எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாயே, இதோ எழுதுகிறேன். கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துப் படி.

அவன் நான்தான். மூன்று வருஷமாகிறது. முதலில் வேலை முடிந்த பிறகு குடித்தேன். பிறகு கை நிற்பதற்காகக் காலையில் குடித்தேன். குடித்தால்தான் கோடு நேராக வந்தது, அதனால் அது மருந்து என்றே நம்பினேன். போன நவம்பரில் ஒரு கப்பலின் முகப்பில் ஆழக்குறி எண்கள் எழுதும்போது தூரிகை தானாக ஓடிவிட்டது. கீழே நின்ற மேஸ்திரி ஆறா எட்டா என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. கப்பல் தண்ணீரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று கப்பல்காரன் அந்த எண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். அன்றே கொட்டகைக்கு அனுப்பினார்கள். நல்ல மனிதர், வேலையை விட்டு அனுப்பவில்லை.

ஜனவரியில் உனக்கு எல்லாவற்றையும் எழுதத் தாளை எடுத்து வைத்திருந்தேன். அப்போதுதான் உன் கடிதம் வந்தது. "எங்க வீட்ல யாருக்கும் இல்லைங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறாய் என்று படித்தேன். அதற்குப் பிறகு எப்படி எழுதுவேன்?

இருபத்துநாலாம் தேதி வருகிறேன் என்று எழுதப் பேனா நகரவில்லை. தெருவே அங்கே இருக்கும். என்னால் உனக்குக் கள்ளக் கையெழுத்துக்காரி என்ற பேர் வந்ததை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

தம்பி


ஏப்ரல் 18

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய் உன் அறையைக் கூட்டிப் பெருக்கினார்.

நான் சொன்னது தப்பு. நூறு வீட்டு வாசலில் அதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன், என் வீட்டுக் கதவை நானே சாத்தினேன். என்னை மன்னித்துவிடு.

அறுநூறு வராவிட்டால் போகட்டும், கட்டடத்தில் கிடங்கு வைத்துக்கொள்ளட்டும். நீ விசாரணைக்கு வராவிட்டாலும் வீட்டுக்கு வா. வருவதற்காகக் குடியை நீயாக நிறுத்திவிடாதே. எப்படி இருக்கிறாயோ அப்படியே வா. அன்றைக்கே ஆறு மணி நேரப் பேருந்தில் உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ விட்டுவிட்டுப் போன மருத்துவமனையில், நீ வாங்கிக் கொடுத்த கோடு போட்ட நோட்டில் எழுதுகிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். முதல் நாலு நாள் எப்படிப் போனது என்று கேட்காதே. பக்கத்துக் கட்டில்காரர் பள்ளி ஆசிரியர், என் ஒற்றெழுத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்.

புகார் உன் மேல் என்பதால் விசாரணை அறைக்குள் உன்னை விடவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று பேருந்தில் ஆறு மணி நேரமும் கேட்டாய், நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். இப்போது சொல்கிறேன்.

அதிகாரி வெள்ளைத் தாளைக் கொடுத்து மூன்று முறை போடச் சொன்னார். போட்டேன். "மூணும் மூணு மாதிரி இருக்கே" என்றார் ஆட்சேபம். "ஒண்ணோட ஒண்ணே ஒத்துப்போகலை."

"ஒத்துப்போகாது சார்" என்றேன். "மூணு வருஷமாக் குடிக்கிறேன். இதை ஒத்துப்போக வைக்கத்தான் எங்கக்கா அந்தக் கட்டடத்தைக் கேக்கிறா. ஆனா கேட்டப்போ அவளுக்கு இது தெரியாது. ஊருக்காகன்னு நினைச்சுத்தான் கேட்டா."

சொன்ன பிறகு என் சட்டை நனைந்திருந்தது. ஆனால் கூரை இடிந்து விழவில்லை அக்கா. மின்விசிறி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. நாலாவது முறை போடும்போது தாள் என் கைக்கடியில் நகர்ந்தது. ஆட்சேபம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து, ஒரு விரலால் தாளின் மூலையை அழுத்திப் பிடித்தார். "இப்போ போடு தம்பி" என்றார். அளவு நாடாவைப் பிடித்து மட்டுமே நான் பார்த்த விரல்.

அப்படியும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் அதிகாரிக்குத்தான் ஞாபகம் வந்தது, பதிவேட்டில் கட்டைவிரல் ரேகையும் இருக்கிறது என்று. மை அட்டையை நீட்டினார். வைத்து அழுத்தினேன். ரேகை நடுங்காதே, அச்சு அசலாக ஒத்துப்போனது. அப்பா இருந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பார். கப்பலுக்குப் பெயர் எழுதினவன் கைநாட்டாகிவிட்டான். மைக்கூட்டுக்குக் கடைசியில் மைதான் கைகொடுத்தது.

உன் தம்பி


ஜூன் 3

அன்புள்ள என் கைநாட்டுக்கு,

நாங்கள் சுகம், சுகம், சுகம். உத்தரவு வந்துவிட்டது. 'அறுநூறு சரி' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். ஜூலை ஒன்றாம் தேதி திறப்பு. தொலைபேசி நிலையத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். கடைக்குப் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை எட்டிப் பார்க்கிறேன். காவல்காரர் "என்னம்மா, எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?" என்கிறார்.

மையம் திறப்பதைச் சொல்ல வீடு வீடாக மறுபடி போகிறேன். அதே கேள்வி: "உங்க வீட்ல யாருக்கும்மா?" முதல் வீட்டிலேயே, "என் தம்பிக்குங்க" என்றேன். கதவைப் பாதி திறந்து நின்ற அம்மா முழுசாகத் திறந்தார். "உள்ள வாம்மா, உக்காரு" என்றார். அவர் பேசிய பேச்சை உனக்குக் கூட எழுத மாட்டேன். ஒரு நாளைக்கு இருபது வீடு போனவள், இப்போது நாலு வீடுதான் போக முடிகிறது. போகிற வீட்டிலெல்லாம் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

ஆட்சேபம் சும்மா இருப்பாரா? மையத்துக்கு எதிராகப் புதிதாக ஒன்று போட்டிருக்கிறார். வாசலில் காத்திருப்பவர்கள் உட்கார பெஞ்ச் இரண்டுதான் போட்டிருக்கிறார்களாம், அளந்து பார்த்ததில் ஐந்து போட இடம் இருக்கிறதாம்.

நீ எப்போது வருகிறாய்?

அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இந்த முறை நிஜமாகவே சுகம்.

இருபத்தெட்டாம் தேதி அனுப்புகிறார்கள். அதற்குப் பிறகு வாரா வாரம் வைத்தியத்துக்கு வர வேண்டும், உங்கள் ஊரிலேயே மையம் இருந்தால் அங்கேயே போகலாம் என்று டாக்டர் சொன்னார். "இருக்கு டாக்டர், எங்க தெரு முனையிலேயே இருக்கு" என்று சொன்னபோது எனக்குக் குரல் எகிறிவிட்டது. வார்டே திரும்பிப் பார்த்தது. அறுநூறில் ஒன்று என்னுடையது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஆசிரியர் கை தட்டினார்.

மேஸ்திரி கடிதம் போட்டிருக்கிறார், வைத்தியம் முடிகிற வரை கொட்டகை வேலை காத்திருக்குமாம். தொங்கும் பலகை பிறகு பார்க்கலாம் என்கிறார். மையத்துக்குப் பெயர்ப் பலகை என்னைக் கொண்டு எழுத வைக்கலாம் என்று நீ மனக்கோட்டை கட்டியிருப்பாய், உன்னைத் தெரியாதா? இப்போது வேண்டாம். பத்து வரிக்கு மேல் போனால் கை இன்னும் ஆடுகிறது. வேறு யாராவது எழுதட்டும், அவர்கள் எழுதியதில் நான் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றாம் தேதி காலையில் எனக்கு ஒரு டோக்கன் எடுத்து வை. ஆட்சேபத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காதுன்னு அப்பா சொன்னாரே. இந்தக் கடிதத்தின் எழுத்தைப் பார். இதைவிட மோசமாக ஒருவன் எழுத முடியாது. அந்தக் கணக்குப்படி என் தலையெழுத்து இனி எப்படி இருக்க வேண்டும், நீயே சொல் அக்கா.

மைக்கூடு